கவுன்சிலர் இல்லாத சென்னை: 2016 முதல் 2022 தேர்தல் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு வாக்குச்சாவடிக்குப் போனபோது எனக்கு முன்னால் நான்கு பேர்தான் நின்றிருந்தார்கள். முந்தைய ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் இதே பள்ளிக்கூடத்தில், இதே வகுப்பறை வாசலில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் காத்துக் கிடந்தேன். இந்த முறை பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது.

எனக்கு முன்னால் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த ஒரு பெரியம்மா, தெருமுனையில் பெஞ்சு போட்டு பூத் ஸ்லிப் எழுதிக்கொண்டிருந்த கட்சிப் பையனிடம் போய், "ஏம்ப்பா, ஒரு ஓட்டுதானா? மேயருக்குத் தனியா இல்லையா?" என்று கேட்டார். "இல்ல ஆயா, மேயரை கவுன்சிலருங்களே எடுத்துக்குவாங்க" என்றான் அவன். "அப்போ போன தடவை ரெண்டு போட்டேனே?" என்றார். அதற்கு அவனிடம் பதில் இல்லை. போன தடவை நடந்தபோது அவன் ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்திருப்பான்.

அந்தப் பெரியம்மாவின் நினைவில் பிழை எதுவும் இல்லை. 2011-ல் மேயருக்கு ஓர் ஓட்டு, கவுன்சிலருக்கு ஓர் ஓட்டு என்று இரண்டு போட்டோம். 1996-லும் 2001-லும் அப்படித்தான். 2006-ல் மட்டும் கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011-க்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். 2016-ல் மறைமுகத் தேர்தல் என்று சட்டத்தை மாற்றினார்கள். 2018-ல் திரும்பவும் நேரடித் தேர்தல் என்றார்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம் ஆக்கினார்கள். மூன்று முறை முறையை மாற்றிய அந்த ஆண்டுகளில் சென்னையில் ஒரு முறைகூடத் தேர்தல் நடக்கவில்லை.

இந்த ஆய்வின் மையம் அதுதான். 2016 அக்டோபர் இறுதியிலிருந்து 2022 மார்ச் முதல் வாரம் வரை, ஐந்து ஆண்டும் நான்கு மாதமும், இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சிக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. இருநூறு வார்டுக்கும் சேர்த்து, மன்றத்தின் இடத்தில் அரசு நியமித்த ஒரே ஒரு தனி அலுவலர். அதற்குப் பிறகு தேர்தல் வந்தபோது, 61 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்களில் 44 சதவீதத்துக்கும் குறைவானவர்களே ஓட்டுப் போட வந்தார்கள். சென்னைக்காரர்கள் சோம்பேறிகள், படித்தவர்களுக்குப் பொறுப்பில்லை என்றெல்லாம் அன்று மாலையே தொலைக்காட்சியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. ஐந்து ஆண்டு பூட்டிக் கிடந்த கடையைத் திடீரென்று ஒரு நாள் திறந்துவிட்டு, வாடிக்கையாளர் வரவில்லையே என்று கோபப்படுவது நியாயமில்லை.

வழக்குக்குள் போன தேர்தல்

2011-ல் தேர்வான மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிய இருந்தது. சைதை துரைசாமி மேயராக இருந்த மன்றம் அது. அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. வேட்புமனுத் தாக்கலும் நடந்து முடிந்தது. போஸ்டர் ஒட்டியாயிற்று, சுவர்களுக்கு முன்பதிவு நடந்தாயிற்று. அப்போதுதான் பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று தி.மு.க.வின் ஆர்.எஸ். பாரதி தொடுத்த வழக்கில், அக்டோபர் 4 அன்று நீதிபதி என். கிருபாகரன் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தார். டிசம்பர் 31-க்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

உத்தரவின் முதல் பாதி மட்டும்தான் நிறைவேறியது. அடுத்து 2017 மே மாதத்துக்குள் என்று ஒரு கெடு, பிறகு நவம்பருக்குள் என்று இன்னொரு கெடு. இடையில் வார்டு மறுவரையறைக்கு ஆணையம் அமைத்தார்கள். மறுவரையறை முடியாமல் தேர்தல் நடத்த முடியாது என்று அரசு சொன்னது. தனி அலுவலரின் பதவிக்காலத்தை ஆறு ஆறு மாதமாகச் சட்டமன்றத்தில் நீட்டித்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு நீட்டிப்பும் செய்தித்தாளில் ஏழு வரிச் செய்தியாக வரும். நானும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.

அரசியல் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம், நகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டு முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. மன்றம் கலைக்கப்பட்டாலும் ஆறு மாதம்தான் அவகாசம். அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லிவிட்டது: இயற்கைப் பேரிடர் போன்ற அசாதாரணச் சூழல் தவிர வேறு காரணத்துக்காகத் தேர்தலைத் தள்ளக் கூடாது. இவ்வளவும் இருந்தும் தள்ளிப்போனது.

யார் காரணம் என்று கேட்டால் ஒரு கட்சியை மட்டும் கைகாட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆட்சியில் இருந்த அ.தி.மு.க.வுக்கு, ஜெயலலிதா மறைவுக்குப் பின் கட்சி உடைந்து கிடந்த நேரத்தில், தேர்தலே வேண்டாம் என்றிருந்தது. எதிரே இருந்த தி.மு.க. சட்டத்தின்படி சரியான குறைகளைச் சுட்டிக்காட்டி வழக்குக்கு மேல் வழக்கு போட்டது. குறைகள் உண்மையானவை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறைகளைச் சரிசெய்வதற்கு ஆறு வாரம் போதும் என்கிற இடத்தில் ஆறு மாதம் ஆனபோது, எந்தக் கட்சியும் கவுன்சிலர் இல்லாத நகரத்துக்காகத் தெருவில் இறங்கவில்லை. ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தேர்தல் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். புதிதாகப் பிரிக்கப்பட்டவை, அவற்றோடு தொடர்புடையவை என்று ஒன்பது மாவட்டங்களை உச்ச நீதிமன்றம் விலக்கி வைத்தது. அவற்றுக்கு 2021 அக்டோபரில் நடந்தது. நகர்ப்புறம் கடைசி.

இது சென்னைக்குப் புதிதும் அல்ல. 1959-ல் தி.மு.க. முதன்முதலாகப் பிடித்த பெரிய அதிகாரம் கோட்டை அல்ல, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை. அதே தி.மு.க. ஆட்சியில்தான் 1973-ல், மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் புகாரை அடுத்து, சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் எப்போது நடந்தது தெரியுமா? 1996-ல். கிட்டத்தட்ட 23 ஆண்டு. எம்.ஜி.ஆர். ஆட்சி முழுவதும், ஜெயலலிதாவின் முதல் ஆட்சி முழுவதும், நடுவே வந்த கருணாநிதி ஆட்சியிலும் ஒரு முறைகூட இந்த நகரத்தில் கவுன்சிலர் தேர்தல் இல்லை. கூட்டிப் பார்த்தால் 1973-க்கும் 2022-க்கும் இடைப்பட்ட காலத்தில் பாதிக்கு மேல் சென்னை மன்றம் இல்லாமலே ஓடியிருக்கிறது. ஒரு முழுத் தலைமுறை கவுன்சிலர் என்றால் என்ன என்று தெரியாமலே வளர்ந்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்றுவிட்டது.

கவுன்சிலருக்கான இடம் வேறு விதமாகவும் சுருங்கியது. 2011-ல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளை, அதாவது 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி, மாநகராட்சியோடு சேர்த்தார்கள். பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அதற்கு முன் பழைய நகரத்துக்கு மட்டும் 155 கவுன்சிலர்கள் இருந்தார்கள். இணைப்புக்குப் பின் அதே பழைய நகரத்துக்கு 107, சேர்ந்த பகுதிகளுக்கு 93. ஒரு கவுன்சிலர் பார்க்க வேண்டிய தெருக்கள் கூடிப்போயின. நாம் நகரம் வளர்ந்தது என்று சந்தோஷப்பட்டோம். ஓர் ஆளுக்கு ஒரு கவுன்சிலர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று அப்போது யாரும் அளந்து பார்க்கவில்லை.

வாசற்படி இல்லாத ஐந்து ஆண்டு

கவுன்சிலர் என்றால் யார்? காலை ஏழு மணிக்கு லுங்கியோடு வாசலில் உட்கார்ந்திருப்பவர். அவர் வீட்டு வாசலில் நான்கு பேர் நிற்பார்கள். ஒருவருக்குக் கையெழுத்து வேண்டும், ஒருவர் வீட்டு முன்னால் குப்பைத்தொட்டி வைத்துவிட்டார்கள், ஒருவர் பெண்ணுக்கு பள்ளிக்கூடச் சேர்க்கை, ஒருவருக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருக்கும். பாதி வேலை அவருடைய அதிகாரத்திலேயே இருக்காது. ஆனாலும் அவர் போனை எடுத்து மாநகராட்சியின் ஏ.இ.யை (உதவிப் பொறியாளரை) கூப்பிட்டு, "என்னண்ணே, ரெண்டு நாளா ஜனங்க வந்து நிக்குறாங்க" என்பார். நடக்கும், நடக்காது, அது வேறு விஷயம். கமிஷன் வாங்குபவரும் அதில் உண்டு, வீடு கட்டினால் வந்து நிற்பவரும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவரைத் திட்டுவதற்காவது ஒரு வாசற்படி இருந்தது. அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வரலாம்.

2018-ல் எங்கள் தெருவில் ஏதோ குழாய் வேலைக்காகத் தோண்டி, அரைகுறையாக மூடிவிட்டுப் போனார்கள். மழையில் அது உள்வாங்கி, ஒரு ஸ்கூட்டி உள்ளே போகும் அளவுக்குப் பள்ளமானது. ஓர் அலுவலகத்துக்குப் போனேன், தோண்டியது நாங்கள் இல்லை என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், மூட வேண்டியது நாங்கள் இல்லை என்றார்கள். ஆன்லைனில் புகார் பதிந்தேன், நான்காம் நாள் 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. பள்ளம் அப்படியே இருந்தது. பக்கத்துவீட்டு அண்ணன்தான் கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து இரண்டு மூட்டை ஜல்லி வாங்கிவந்து கொட்டினார். எங்கள் தெருவுக்கு மட்டும் நடந்தது இல்லை இது. நான் பேசிய எல்லாத் தெருவிலும் இதே மாதிரி ஒரு கதை இருந்தது.

சென்னையில் இந்தச் சிக்கல் கூடுதல். தெருவிளக்கும் உட்புறச் சாலையும் குப்பையும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியிடம். குடிநீரும் கழிவுநீரும் 1978-ல் உருவான குடிநீர் வாரியத்திடம். குடிசைப் பகுதிகள் 1970-ல் தொடங்கிய வாரியத்திடம். பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம், மின்கம்பம் மின்வாரியத்திடம், நில வகைப்பாடு பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம். சாதாரண மனிதருக்கு இந்தப் பட்டியல் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இவ்வளவு கதவுகளுக்கும் சேர்த்து ஒரே ஆளாக நின்றவர் கவுன்சிலர். அவர் போனதும் ஜனங்கள் ஒவ்வொரு கதவாகத் தாங்களே தட்ட வேண்டியிருந்தது.

2019 கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரியும் வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் லாரி எந்த மணிக்கு வரும், எந்த முனையில் நிற்கும், சந்துக்குள் இருக்கும் இருபது வீட்டுக்கு யார் குடம் நிரப்பித் தருவார், படுக்கையில் கிடக்கும் பெரியவர் வீட்டுக்கு யார் கொண்டுபோவார், இதெல்லாம் ஏரி மட்டத்தைவிட அன்றாடமான கேள்விகள். அதைத் தீர்த்தவர்கள் பெரும்பாலும் தெருப் பெண்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து குடங்களை வரிசை வைத்தவர்கள் அவர்கள். சில இடங்களில் கட்சிகளின் வட்டச் செயலாளர்கள் லாரியைத் தங்கள் பக்கம் திருப்பினார்கள் என்று சண்டை வந்தது. ஓட்டு வாங்காதவர் கவுன்சிலர் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

அப்புறம் கொரோனா. 2020-ல் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவியபோது, வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுக்க, தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கித் தர, மாநகராட்சி ஆயிரக்கணக்கான களப்பணியாளர்களையும் தன்னார்வலர்களையும் புதிதாக எடுத்தது. அந்தப் பிள்ளைகள் செய்த வேலை பெரியது, சிலர் தொற்று வாங்கிக்கொண்டும் திரும்ப வந்தார்கள். என்றாலும் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த ஒருவர் ஏற்கெனவே வார்டுக்கு வார்டு இருந்திருக்க வேண்டும் அல்லவா? தெருவைத் தெரிந்துகொள்வதற்கே அந்த மாதங்களில் எவ்வளவு நேரம் போனது!

மன்றம் இல்லாதபோது பெரிய முடிவுகள் நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். 2020-ல் ஏழு மண்டலங்களின் குப்பை அள்ளும் பணி தனியாரிடம் போனது. எத்தனையோ தூய்மைப் பணியாளர்களின் வேலையை மாற்றிய முடிவு அது. அதைப் பற்றி எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்க, கேள்வியைக் குறிப்பில் ஏற்ற ஒரு மன்றம் இல்லை. தீர்மானங்களைத் தனி அலுவலரே முன்மொழிந்து, அவரே நிறைவேற்றினார். சாலை, வடிகால் என்று நடந்த வேலைகளில் நல்லவையும் உண்டு. ஆனால் 2021 நவம்பரில் ஒரே இரவில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, கோடிக்கணக்கில் செலவழித்து அழகுபடுத்திய தியாகராய நகரிலேயே தண்ணீர் நின்றபோது, இந்தத் திட்டத்தை வகுத்தபோது அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டீர்களா என்று எல்லாரும் கேட்டார்கள். கேட்டிருக்க வழியே இல்லை. அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் வெள்ளத் தடுப்புக்குக் குழு அமைத்தார்கள். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழுவின் மானியங்களும் தமிழக உள்ளாட்சிகளுக்கு வராமல் நின்றன.

நகரத்திலிருந்து கழிக்கப்பட்டவர்கள்

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோனார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது வேகமெடுத்தது. நகரத்தின் நடுவில் பிறந்து, மயிலாப்பூரிலோ எழும்பூரிலோ வீட்டு வேலை செய்து, அங்கேயே பள்ளிக்கூடம் போன குடும்பங்கள் அவை.

கண்ணகி நகர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. பெரும்பாக்கம் இல்லை. அது செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. அதாவது, சென்னை நகரத்துக்காக இடம் விட்டவர்கள் சென்னையின் வாக்காளர் பட்டியலிலிருந்தும் வெளியே போனார்கள். விலக்கி வைக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் செங்கல்பட்டும் ஒன்று, அதனால் அங்கே உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் வரை நடக்கவில்லை. 2017-ல் ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் போன ஒரு பெண்ணுக்கு, விட்டுவந்த இடத்திலும் கவுன்சிலர் இல்லை, போய்ச் சேர்ந்த இடத்திலும் தன் ஓட்டு விழுந்த பிரதிநிதி இல்லை. நான்கு ஆண்டு அப்படி. லிஃப்ட் ஓடாத எட்டு மாடிக் கட்டடத்தில், பேருந்துக்கு ஒரு மணி நேரம் நிற்கும் இடத்தில், யாரைப் போய்க் கேட்பார் அவர்? சென்னை மாநகராட்சித் தேர்தல் பற்றிய எந்தக் கணக்கிலும் இவர்கள் வருவதில்லை. 44 சதவீதத்துக்குள்ளும் இல்லை, வராத 56-க்குள்ளும் இல்லை.

தேர்தல் வந்தது

உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பக் கெடு வைத்த பிறகு, 2022 ஜனவரி 26 அன்று அறிவிப்பு வந்தது. 21 மாநகராட்சிகளுக்கும், நகராட்சிகள், பேரூராட்சிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. மனுத் தாக்கல் தொடங்கியதிலிருந்து வாக்குப்பதிவு வரை மூன்று வாரம்தான். கொரோனாவின் மூன்றாம் அலை ஓய்ந்துகொண்டிருந்த நேரம், கட்டுப்பாடுகள் வேறு.

எங்கள் வார்டில் மூன்று வேட்பாளர்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் கைகூப்பினார்கள். ஆளுங்கட்சி வேட்பாளர் மகளிர் இலவசப் பேருந்தையும் பால் விலைக் குறைப்பையும் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர் பொங்கல் பரிசுத் தொகுப்பின் தரத்தையும் மாதம் ஆயிரம் ரூபாய் வரவில்லை என்பதையும் சொன்னார். மூன்றாமவர் நீட் பற்றிப் பேசினார். வாசலில் திறந்துகிடந்த மழைநீர் வடிகாலின் மேல் நின்றுதான் இதையெல்லாம் பேசினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பத்தாண்டு இடைவெளியில், வார்டு அரசியல் பேசும் பழக்கமே கட்சிக்காரர்களிடமிருந்து போய்விட்டிருந்தது. கவுன்சிலரால் என்ன முடியும், எவ்வளவு நிதி உண்டு, மன்றக் கூட்டத்தில் எதைக் கேட்கலாம் என்று எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

வாக்குப்பதிவு மாநிலம் முழுக்கச் சேர்த்து 60 சதவீதத்தைத் தாண்டியது. பேரூராட்சிகளில் 74-க்கு மேல், நகராட்சிகளில் 68, மாநகராட்சிகளில் 52. ஊர் சிறியதாக இருந்தால் ஓட்டு கூடுகிறது. வேட்பாளரின் அப்பா பெயர் தெரிந்த இடத்தில் ஜனங்கள் வருகிறார்கள். சென்னை எல்லாருக்கும் கீழே. 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை மாவட்டத்தில் 59 சதவீதம் அளவுக்கு ஓட்டு விழுந்திருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லைகள் அப்படியே ஒன்றல்ல, ஆனாலும் கோட்டைக்கு ஓட்டுப் போட வரிசையில் நின்ற நகரம், பத்து மாதத்தில் தன் தெருவுக்கு ஓட்டுப் போட வரவில்லை. தோராயமாக 35 லட்சம் பேர் வீட்டில் இருந்துவிட்டார்கள். வந்தவர்கள் ஓட்டும் எல்லா இடத்திலும் அமைதியாக விழவில்லை. வண்ணாரப்பேட்டைப் பக்கம் 51-வது வார்டிலும், பெசன்ட் நகர் ஓடைக்குப்பம் இருக்கும் 179-வது வார்டிலும் தலா ஒரு சாவடியில் பிப்ரவரி 21 அன்று மறுவாக்குப்பதிவு நடத்த வேண்டியிருந்தது.

முடிவு 22-ம் தேதி வந்தது. 200-ல் தி.மு.க. மட்டும் 153. காங்கிரஸ் 13, மார்க்சிஸ்ட் 4, விடுதலைச் சிறுத்தைகள் 4 என்று கூட்டணியோடு சேர்த்தால் 178. அ.தி.மு.க.வுக்கு 15. பா.ஜ.க., அ.ம.மு.க. தலா ஒன்று, சுயேச்சைகள் ஐந்து பேர். இப்படிப்பட்ட மன்றத்தில் எதிர்க்கேள்வி எங்கிருந்து வரும் என்பது அன்றே எனக்கு இருந்த கவலை. அந்தப் பொறுப்பில் பெரும் பகுதியைக் கூட்டணிக்குள் இருக்கும் இடதுசாரிகளும் மற்றவர்களும்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

மகிழ்ச்சியும் இருந்தது. மார்ச் 4 அன்று, திரு.வி.க. நகர் பகுதியின் 74-வது வார்டில் ஜெயித்த ஆர். பிரியா மேயரானார். வயது 28. தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர், முதல் தலித் பெண் மேயர். வடசென்னையிலிருந்து மேயர் அங்கியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் ரிப்பன் மாளிகைப் படியேறியதைப் பார்த்து எங்கள் பக்கத்தில் பட்டாசு வெடித்தார்கள். 1688-ல் தொடங்கிய மாநகராட்சிக்கு அது நடக்க 334 ஆண்டு ஆகியிருக்கிறது.

நான்கு வாரத்தில் வந்த வரி

இந்தத் தேர்தலில் யாருமே பேசாத ஒன்று சொத்து வரி. பழைய சென்னையில் 1998-க்குப் பிறகு அது திருத்தப்படவில்லை. 2018-ல் உயர்த்தினார்கள். உள்ளாட்சித் தேர்தல் நெருங்குகிறது என்ற பேச்சு வந்ததும் 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்திவைத்தார்கள். பிறகு 2022-ல் தேர்தல் முடிந்து, மேயர் பதவியேற்று நான்கு வாரம்தான். ஏப்ரல் முதல் தேதி மாநில அரசின் அறிவிப்பு வந்தது. பழைய சென்னையில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 சதவீத உயர்வு, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. இணைக்கப்பட்ட பகுதிகளுக்கு 25-லிருந்து 100 வரை.

வரி உயர்வே தவறு என்று நான் சொல்லவில்லை. இருபத்துநான்கு ஆண்டு உயராத வரியை வைத்துக்கொண்டு எந்த மாநகராட்சியும் வடிகால் கட்ட முடியாது. பதினைந்தாவது நிதிக்குழுவும் வரித் திருத்தத்தை மானியத்தோடு சேர்த்து நிபந்தனையாக வைத்திருந்தது. கேட்கிற கேள்வி வேறு: நகரத்தின் சொந்த வருமானத்தில் முதன்மையானது இந்த வரி. அதை எவ்வளவு உயர்த்தலாம் என்று வார்டு வார்டாக வேட்பாளர்கள் பேசியிருக்க வேண்டிய தேர்தல் அல்லவா அது? கோட்டையில் முடிவெடுத்து அறிவித்தார்கள், மன்றத்தின் தீர்மானம் பிறகு வந்தது. ஐந்து ஆண்டு கழித்துக் கூடிய மன்றம் சந்தித்த முதல் பெரிய விஷயத்திலேயே அதன் குரல் அறிவிப்புக்குப் பின்னால் நின்றது. எங்கள் தெருவில் அப்போது ஒருவர் சொன்னார், "இதுக்குத்தான் அவசரமா எலெக்‌ஷன் வெச்சாங்களா?" அது உண்மையில்லை, நீதிமன்றம் சொல்லித்தான் வைத்தார்கள். ஆனால் அவருக்கு அப்படித் தோன்றியதில் என்ன தவறு?

கவுன்சிலர் திரும்ப வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் எழுத முடியாது. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது மன்றம் இருந்தது. இடிப்பு உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் நடந்தது. எதிர்ப்பின் நடுவே ஒரு பெரியவர் தீக்குளித்து உயிரிழந்தார். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாருக்குத் தருவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலானோர் பெண்கள். நள்ளிரவில் அவர்களைக் காவல்துறை அப்புறப்படுத்தியது. அப்போதும் மன்றம் இருந்தது, மேயரின் வார்டே திரு.வி.க. நகர் மண்டலத்தில்தான் இருந்தது. இருந்தும் ஒரு வித்தியாசத்தை நான் பார்த்தேன். 2020-ல் ஏழு மண்டலம் போனபோது நகரத்தில் பலருக்குச் செய்தியே தெரியாது. 2025-ல் பணியாளர்களுக்கு உட்கார ஒரு வாசல் இருந்தது, பதில் சொல்ல வேண்டியவர்களின் பெயர் இருந்தது, யார் எந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினார்கள் என்று கேட்க முடிந்தது.

2022 ஜூனில் விதிகள் வந்து, வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க வழி பிறந்தது. கிராம சபை போல நகரத்திலும் கூட்டம். நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைகள் நடந்தன, பம்மலில் முதலமைச்சரே கலந்துகொண்டார். எங்கள் பகுதியில் நடந்த முதல் கூட்டத்துக்கு நானும் போனேன். நாற்பது பேர் இருப்போம். குழு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல, நியமிக்கப்பட்டவர்கள், அதனால் கட்சிக்காரர்களே அதிகம். கவுன்சிலரம்மா பேசி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, தன் சந்தில் விளக்கு எரியாத கம்பத்தின் எண்ணைச் சொன்னார். கையில் ஒரு தாளில் ஆறு எண்கள் எழுதி வைத்திருந்தார். ஏ.இ. குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் நான்கு விளக்கு எரிந்தது. மீதி இரண்டுக்காக அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுந்தார்.

2019-ல் தேர்தல் நடந்த அந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ல் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்களை நியமித்தார்கள். சென்னை மன்றம் பதவியேற்றது 2022 மார்ச் 2. அதன் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது.